அலசின உப்பு

உப்புப் பாத்தியில் நின்றவளைக் கால்கூடக் கழுவவிடாமல் ஜீப்பில் ஏற்றி வந்துவிட்டார்கள். தையல்நாயகிக்கு முழங்கால்வரை உப்பு காய்ந்து வெடித்திருந்தது. விசாரணை ஆபீசின் வழவழத் தரையில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஓரமாகவே நின்றாள்.

உப்பளத்து முதலாளி சக்கரபாணி வாசல் பெஞ்சில் இருந்தார். அவள் உள்ளே போகும்போது, "என் உப்பைத் தின்னவ, பாத்துப் பேசு" என்றார். அவளுக்கா சொல்ல வேண்டும்? சுனாமி நிவாரணம் வரும் என்று அவர் நீட்டிய பேங்க் தாளில் எல்லாம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவள். நிவாரணம் வரவில்லை, அது வேறு கதை.

அதிகாரி நல்லவிதமாகத்தான் கேட்டார். "உப்பு யாவாரம் உன் பேர்லதான் நடக்குது. கறுப்பை வெள்ளையாக்கறது நீதானாம்மா?"

"ஆமாங்க. பன்னெண்டு வருசமா நான்தான். மத்தவங்க கை வெச்சா பாதி காணாமப் பூடும்."

அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. சேறேறிக் கறுத்த உப்பைக் கரையவிடாமல் அலசி வெளுப்பதில் மரக்காணத்தில் அவளை அடிக்க ஆளில்லை. பக்கத்தில் இருந்தவர் மளமளவென்று எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டியபோதுதான் 'கறுப்புப் பணம்' என்று வந்தது.

"ஐயோ சார், நான் உப்பைச் சொன்னேன்."

அதிகாரி பேனாவை மூடினார். உப்பு மூட்டைக்கு அடியில் போன கள்ளச்சாராயத்தையும், அந்தக் காசு அவள் கணக்கில் உப்பு விற்ற காசாக ஏறியதையும் நிதானமாகச் சொன்னார். "உன் முதலாளி பேரு எதுலயும் இல்லம்மா. உள்ள போவப்போறது நீதான்."

"நான் காய்ச்சலியே சார். அலசறது ஒரு குத்தமா?"

"காசை அலசறதுக்கும் இப்ப சட்டம் வந்துட்டுது. அலசிக் குடுக்க ஆளு இருந்தாத்தான அவன் மறுபடி காய்ச்சுவான்?"

போன ஆடியில் கள்ளச்சாராயம் குடித்துத்தான் அவள் புருஷன் காசிலிங்கம், கண்ணு தெரியலடி, கண்ணு தெரியலடி என்று தரையைத் தடவித் தடவிச் செத்தான். மாலையோடு வந்து, சாவுச் செலவு முழுக்கத் தன்னது என்றவர் சக்கரபாணி. அவர் காலில் விழுந்து அழுதிருக்கிறாள், பாவி. அந்தச் சாவையும் சேர்த்தா இத்தனை நாள் அலசிக் கொடுத்தாள்?

"யாரு சொல்லி கையெழுத்துப் போட்ட?"

வாசலில் சக்கரபாணி செருமுவது கேட்டது.

"யாரு உப்ப யாரு தின்னது சார்?" என்றாள் தையல்நாயகி, வாசல் பக்கம் பார்த்தபடி. அதிகாரிக்கு விளங்கவில்லை. அவள் குனிந்து, காலில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். வழவழத் தரையில் அது வெள்ளை வெளேரென்று உதிர்ந்தது.