சாயம் போட்ட காய்

சென்னையில் இரவு ஷிப்ட் வேலையை நான்கே மாதத்தில் விட்டுவிட்டு போடிக்குத் திரும்பிய பிறகு எனக்கு இரண்டு வேலைகள்தான். மலை ஏறுவது, வழியில் பார்க்கிறவர்களின் முகத்தை வரைவது. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொள்வாயா என்று, நான் பெண் கேட்டிருந்த சூர்யகலாவிடமே அவள் அப்பா கேட்டுவிட்டார். ஞாயிறு சாயங்காலம் சொல்கிறேன் என்றிருந்தாள்.

அந்த ஞாயிறு காலை நானும் அவளும் குரங்கணியிலிருந்து மலை ஏறினோம். துணைக்கு அவள் அண்ணன் பிரபு, என் பள்ளித் தோழன். ஜீப்பு ஓட்டுகிறவன், நடந்து பழக்கமில்லை. முதல் ஓடையோரத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

"மாப்ளே, இதுக்கு மேல ஜீப்பும் போகாது, நானும் போகமாட்டேன். இங்கனயே ஒக்காந்து பேசுங்க."

"இன்னும் மாப்ள ஆகல," என்றாள் சூர்யகலா.

பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அவளை வரைந்தேன். முடித்ததும் அதோடு சேர்த்து என் பழைய படங்களையும் வாங்கிக்கொண்டாள்.

அவள் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் ஆறு வருடமாகத் தரம் பிரிக்கிறவள்; எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய் முதல் தரம், ஏழு அதற்கு அடுத்தது. கை சும்மா இருக்காது. ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பாறைமேல் குவியல் பிரித்தாள்.

"டீக்கடை வீரணன் அண்ணன் எட்டு மில்லி. மொதத் தரம். அய்யம்மாக்கா ஏழு. இது யாரு?"

"பெரியகருப்பன். பஸ்சு கண்டக்டர்."

"சொத்தை. அவரு இம்புட்டு சிரிக்கமாட்டாரு."

கடைசியாக அவள் படம். எந்தக் குவியலிலும் சேர்க்காமல் தனியே வைத்தாள்.

"இது என்ன தரம்?"

"சாயம் போட்ட காய்."

வெளுத்துப்போன காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. அவள் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். இப்போது அந்த விரல் அவளுடைய இடது கன்னத்தில் இருந்தது. சிறு வயதில் காய் உலர்த்தும் கூடத்தில் சூட்டுக் குழாய் பட்ட தழும்பு அது. படத்தில் அதை நான் வரையாமல் விட்டிருந்தேன்.

"வீரணன் அண்ணனுக்கு விழுந்த பல்லு வரைக்கும் போட்டிருக்கீக. எனக்கு மட்டும் இது எங்க போச்சு?"

"நல்லா இருக்கணும்னு நெனச்சேன்."

"அப்ப இது இருந்தா நல்லா இல்ல."

அவள் எழுந்துவிட்டாள்.

"எறங்குவோம். அப்பாட்ட என்ன சொல்லணும்னு தெரிஞ்சுபோச்சு."

"அஞ்சு நிமிசம் ஒக்காருங்க. அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க."

உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வழக்கமாகக் கண்ணில் தொடங்குவேன். இந்த முறை தழும்பில் தொடங்கினேன். அதன் ஓரம் எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று மாதமாகப் பழகியும் அந்தப் பக்கம் பார்வையை நிறுத்தியதே இல்லை. இதை அவள் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு கண்ணு பெருசாயிருச்சு. மூஞ்சி கடுகடுன்னு இருக்கு."

"அப்படித்தான் நின்னீங்க."

"ஆனா சாயம் இல்ல," என்று ஏழு மில்லிக் குவியலில் வைத்தாள். பிறகு அதன் மேலேயே மற்ற எல்லாத் தாள்களையும் அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க கடையில மூட்டை கட்ட ஆள் கேக்குறாக. நாளைக்கி ஒம்பது மணிக்கு வந்துருங்க. இன்னைக்கே அப்பாட்ட சரின்னு சொல்லிர்றேன்."

ஓடையோரம் படுத்திருந்த பிரபு கண்ணைத் திறக்காமல் சொன்னான். "மூட்டை கட்டுறவனக் கட்டிக்கிறியான்னு அவரு திரும்பக் கேப்பாரே."

"அதுக்கும் நான்தான பதில் சொல்லணும். நீ எந்திரி, வெரசா."