மடத்துப் படத்தில் வற்றிய ஆறு

செவில் நகரின் த்ரியானா மடத்துக் கோயிலில் மாட்டிய மறுநாளே, பாலயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர் படத்திலிருந்த ஆறு ஏறி இறங்கத் தொடங்கியது. வெளியே குவாதல்கிவிர் ஆற்றில் கடலேற்றம் வந்தால் படத்திலும் வந்தது. ஏற்றத்தில் புனிதரின் இடுப்பு நனையும். இறக்கத்தில் கணுக்கால் தெரியும். அவர் தோளிலிருந்த பாலயேசு மட்டும் ஒருநாளும் நனைந்ததில்லை. கோயில்பிள்ளை சொட்டும் நீருக்குப் படத்தடியில் ஒரு தொட்டியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. செவில் நகரத்து ஓவியர்கள் துணியை இழுத்துக் கட்டி, பசை தடவி, ஆற்று வண்டலை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசி, அது காய்ந்தபின்தான் வண்ணம் வைப்பார்கள். ஓவியர் அத்தானசியோவின் பட்டறையில் அந்த மண்பூச்சு லெயோகாதியாவின் வேலை. பெருவெள்ளத்தில் அவள் கணவன் ஹினேஸ் படகோடு போனான், உடல் கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்த கரையில் அள்ளிய வண்டலைத்தான் இந்தப் படத்துக்குப் பூசியிருந்தாள். அடக்கம் செய்ய ஒன்றுமில்லாததால் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தவும் அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஹசிந்தாவோ சும்மா இருக்கமாட்டாள்.

"கப்பலேறி மெக்சிக்கோ ஓடிட்டான்டி உம் புருசன். அங்க எவளோ ரொட்டி சுட்டுப் போடுறா."

மழை பொய்த்த வருஷம் ஆறு சுருங்கியது. படத்து ஆறு அதைவிடச் சுருங்கி, ஞாயிறு பூசையின் நடுவே அடிமண்ணைக் காட்டியது. அங்கே கன்னத்துக்குக் கைகொடுத்து, வீட்டில் தூங்குவதுபோலவே ஹினேஸ் ஒருக்களித்துக் கிடந்தான். முதலில் பார்த்தது ஹசிந்தாதான். அவளே லெயோகாதியாவின் கையைப் பிடித்துப் படத்தருகே இழுத்துப் போனாள்.

லெயோகாதியா நேரே மடத்துத் தலைவரிடம் போனாள். "சாமி, அவருக்கு மண்ணு போடணும்."

"படத்து மேலயா?"

"அவரு அங்கதான கெடக்காரு?"

அத்தானசியோ பதறினார். "என் ஆத்தையே மூடிருவியேம்மா!"

"அவரு கெடக்குற எடம் மட்டுந்தான் எசமான். கை தப்பாது."

தலைவர் கறுப்பு அங்கி அணிந்து அடக்கப் பாட்டைப் பாடினார். லெயோகாதியா வண்டலை எண்ணெயில் குழைத்து, பூச்சுக் கத்தியால் காலிலிருந்து மேலே மூடிக்கொண்டு வந்தாள். முகம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் தடவினாள்.

"நீ ஓடிப்போகலன்னு எனக்குத் தெரியும்யா" என்று சொல்லி, அத்தனை வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள். விளக்குப் பிடித்து நின்ற ஹசிந்தாவும் அழுதாள்.

மழை வந்தது, படத்திலும் நீர் ஏறியது. இன்றும் கல்லறைத் திருநாளன்று அந்தக் கோயிலில் பூசைக்கு நேரம் குறிப்பதில்லை. படத்தில் தண்ணீர் வடிந்து ஹினேஸை மூடிய மண்மேடு தெரிந்ததும் மணி அடிப்பார்கள்.