கூடத்தில் அம்மாவின் குரல்

ஓர் அறைக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக மகளை அக்காவிடம் விட்டுவிட்டுத் தொலைதூரப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள். காலி அறையில் பலூனை உடைத்து, எழும் எதிரொலியைப் பதிவு செய்வார்கள். அதை எந்தக் குரலோடு சேர்த்தாலும், அந்தக் குரல் அதே அறையில் பேசுவதுபோலக் கேட்கும்.

ஒருநாள் மனசு கேட்காமல், வீட்டுக் கூடத்தில் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்து அனுப்பும்படி அக்காவிடம் கேட்டாள்.

"படிச்சுப் படிச்சு உனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு" என்று திட்டிக்கொண்டே அக்கா அனுப்பிவைத்தாள்.

எதிரொலியே இல்லாத ஆய்வக அறையில் உட்கார்ந்து, "செல்லம், சாப்பிட்டியா?" என்று தன் குரலைப் பதிவு செய்தாள். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது, தான் வீட்டுக் கூடத்திலேயே இருப்பதுபோல் இருந்தது. மகளுக்குப் போட்டுக்காட்டச் சொல்லி அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அக்கா அழைத்தாள். "ஏண்டி, ஸ்பீக்கர்ல போட்டேன். இவ கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடின்னு வீடு முழுக்க உன்னத் தேடுறா. நான் என்னன்னு சொல்ல?"

மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, நான் தோத்துட்டேன். வெளிய வா!"

"வர்றேன் தங்கம்" என்றாள். நேரே பேராசிரியரிடம் போய் நின்றாள்.

"அளவெல்லாம் எடுத்தாச்சுல்ல? மிச்சத்த வீட்டுல உக்காந்து எழுதும்மா" என்றார் அவர்.

அன்றே டிக்கெட் போட்டாள். விமானம் ஏறும்வரை ஒவ்வொரு முறை அழைத்தபோதும் அக்கா ஒன்றையேதான் சொன்னாள்: "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா."