நிறஞ்சலாவின் காப்புறுதிப் படிவம்

கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனத்தில் பத்து வருடம் வேலை செய்த கஜேந்திரன், அந்த வேலை முடிந்ததும் பாப்பாமோட்டையில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடை போட்டான். இனி நான் முதலாளி என்று அவன் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். நிறுவனம் கொடுத்த வைத்திய அட்டையும் வேலையோடு போய்விட்டதை அவன் மனைவி நிறஞ்சலாதான் கவனித்தாள். கவனிக்காமல் என்ன செய்வாள்? அவளுக்கு இருதய வால்வில் பழுது. என்றைக்கோ ஒருநாள் நெஞ்சை வெட்டி ஒப்பரேசன் செய்துதான் ஆக வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. பக்கத்து வீடு. மாதம் தவறாமல் விடியற்காலை பஸ்ஸில் தனியாக மன்னாருக்குப் போகிறவள் சீலை எடுக்கவா போகிறாள்?

காப்புறுதி முகவர் தக்சிகா நம் ஊர்ப் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு திட்டங்களோடு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் தற்செயலாகத்தான் போனேன். கதிரை யாரும் தரவில்லை, நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இது மலிவு. ஆனா உடம்பில முதலே இருக்கிற வருத்தத்துக்கு ஒருநாளும் தராது. மற்றது காசு கொஞ்சம் கூட. இருக்கிற வருத்தத்தைச் சொல்லிப்போட்டுச் சேர்ந்தா ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒப்பரேசனுக்கும் தரும். மறைச்சா ஒண்டும் இல்லை.”

“மற்றதையே போடு தங்கச்சி” என்றான் கஜேந்திரன்.

“அப்ப கேக்கிறன். அக்கா, சீனி வருத்தம்?”

“இல்லை.”

“பிரசர்?”

“இல்லை.”

“நெஞ்சு வருத்தம்?”

நிறஞ்சலா என்னைப் பார்த்தாள். அவளுடைய தங்கை கிருசாந்தினிக்கு நறுவிலிக்குளத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்று கணக்குப் பார்க்கிற ஊர் இது.

“இல்லை.”

கஜேந்திரன் என்னைப் பார்த்தான், பிறகு தக்சிகாவின் பேனையைப் பார்த்தான்.

“அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறாள்” என்று நானும் சொல்லிவைத்தேன். தக்சிகா எழுதிக்கொண்டாள்.

இதில் பாவம் என்னவென்றால், நறுவிலிக்குளத்தார் அதற்கு முந்தின கிழமையே என்னிடம் வந்து விசாரித்திருந்தார்கள். நானும் சொல்லியிருந்தேன். “தொத்து வருத்தமில்லைத்தானே” என்றுவிட்டு அவர்கள் ஆவணியில் கலியாணத்தை முடித்தார்கள். தான் மறைத்ததால்தான் அது நடந்தது என்று நிறஞ்சலா இன்றைக்கும் நம்புகிறாள்.

மூன்றாம் வருடம் அவள் அடுப்படியில் விழுந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பட்டியல் நீளம், இனிக் காத்திருக்க ஏலாது, தனியாரில் செய்யுங்கோ என்றார்கள். கஜேந்திரன் காப்புறுதிக்கு எழுதிப்போட்டான்.

அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். நல்ல மனிசன், கதைக்கத் தெரிந்தவர்.

“பக்கத்து வீட்டு அம்மா பாவம், திடீரெண்டு விழுந்திட்டாவாம் என்ன?”

ஒருவர் பிழையாகக் கதைத்தால் எனக்குப் பொறுக்காது.

“திடீரெண்டோ! தன்ர கலியாணத்துக்கு முன்னமிருந்தே நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக் போறவள்.”

எந்த வருடம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிய பிறகுதான் அதன் மட்டையில் காப்புறுதிக் கம்பெனியின் பெயரைக் கண்டேன்.

பக்கத்து வீட்டில் விசாரித்ததாக எழுதியிருந்த மறுப்புக் கடிதம் வந்த அன்று கஜேந்திரன் என் வாசலில் நின்றான்.

“நீங்கள் அண்டைக்கு அதில இருந்திராட்டி அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள், அக்கா. அது போகட்டும். உங்களுக்குத் தெரியுமெண்டு எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

ஊரெல்லாம் சொன்ன எனக்கு அந்த ஒரு வீடுதான் தவறிப்போயிற்று.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்” என்றேன். அவன் போய்விட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு அடுத்த வருடம் ஐப்பசியில் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை தாங்குவாள் என்று டொக்டர் சொல்லவில்லை. கஜேந்திரன் எங்கள் பக்கத்து வேலிக்கு உயரமாகத் தகரம் அடித்துவிட்டான். இப்போது ஒன்றும் தெரிவதில்லை. அவள் கிணற்றடிக்கு வரும்போது மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். நேற்று பாதி வழியில் அவள் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அதைத் திரும்பத் தூக்குகிற சத்தம் வந்தது. அதுவரை கூப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை.