கண்ணாடிப் பக்கம்

சலூன்காரனுக்குத் தலைகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவானாம். உச்சியில் இரட்டைச் சுழி உள்ளவன், பின்மண்டை துருத்தியவன், பழைய தழும்பை முடிக்குள் ஒளித்து வைத்திருப்பவன் எல்லோரும் அவன் கைக்கு அத்துப்படி. இத்தனை தலை தெரிந்தவன் சொந்த மகளின் தலையில் கோட்டை விட்டான்.

மகள் பிறந்த சில வாரங்களிலேயே மனைவி பிஸ்கட் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பகலில் குழந்தை கடையில்தான். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அவள் கூடை. முதல் நாள் வீல் வீலென்று கத்தியவள், கூடையைச் சற்றுத் திருப்பி வைத்ததும் கப்சிப் என்று அடங்கினாள். அவளுக்கு வலப்பக்கம் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. அதில் விளக்கு, மின்விசிறி, நுரை பூசிய முகங்கள். அந்தப் பக்கமே தலையைச் சாய்த்துப் பார்த்தபடி கிடப்பாள், பார்த்தபடியே தூங்கியும் போவாள். அவன் கூடையை மறுபடி திருப்பவே இல்லை.

"குழந்தை இருக்கிற இடமே தெரியலையேப்பா," என்பார்கள் வாடிக்கையாளர்கள். 'குட்டி முதலாளி' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிள்ளையை அழவிடாமல் வளர்ப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும் என்று வேறு சொல்லிக்கொண்டான். சாமர்த்தியமெல்லாம் கண்ணாடியுடையது.

தடுப்பூசி போட்ட இடத்தில் நர்ஸ் சொன்னதை மனைவி வந்து சொன்னாள். "தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்கணுமாம். முழிச்சிருக்கும்போது நாம பக்கத்துல இருந்து அப்பப்ப குப்புறப் போடணுமாம். தலை ஒரே பக்கமா இருந்தா தட்டையாயிடுமாம்."

"போட்டுட்டா போச்சு," என்றான்.

போட்டான், ஒரே ஒரு நாள். தரையில் துண்டு விரித்துக் குப்புற விட்டதும் அவள் மூக்கைத் துண்டில் தேய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். நாற்காலியில் ஒருவர் பாதி சவரத்தில் இருந்தார். அவளை அள்ளிக் கூடையில் போட்டான். கண்ணாடியைக் கண்டதும் அழுகை நின்றது. அதோடு சரி. மாலையில் மனைவி கேட்டபோது "போட்டேனே" என்றான். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் போட்டான், வாயாலேயே. வேலை முடிந்து கால் கடுக்க வருகிறவளிடம் எதற்கு வம்பு என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான்.

ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மனைவியின் கை நின்றது. "இங்க பாருங்களேன். வலது பக்கம் பின்னாடி அமுங்கின மாதிரி இல்ல? இந்தக் காதுகூட கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு."

தொட்டுப் பார்த்தான். விரல் உடனே சொல்லிவிட்டது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அந்த நிமிஷமே டாக்டரிடம் விரட்டியிருப்பான். ஆனால் டாக்டர் கேள்வி கேட்பாரே. "நான் பாக்காத தலையா? உக்கார ஆரம்பிச்சா தானா உருண்டையாயிடும். முடி வளந்தா தெரியவே தெரியாது," என்றான். தலை விஷயத்தில் அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. நம்பினாள்.

உட்காரும் வயது நெருங்கியும் தட்டை போகவில்லை. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் குழந்தை கழுத்தைத் திருப்பவும் சிரமப்பட்டாள். மனைவி லீவு போட்டு டாக்டரிடம் காட்டினாள். அவர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அங்கே இருவருமாகப் போனார்கள்.

"பகல்ல எவ்வளவு நேரம் குப்புற விடுறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நல்லாவே விடுவாரு மேடம். தினமும் கடையில வெச்சு இவரேதான் பாத்துக்கிறாரு," என்றாள் மனைவி. அந்தக் குரலில் இருந்த பெருமையை அவனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிசியோ குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டார். தலையை நன்றாக நிமிர்த்திச் சிரிக்க வேண்டிய வயது. அவளோ நெற்றியைக் கொஞ்சம் தூக்கினாள், தொப்பென்று விட்டாள், கன்னத்தைப் பாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கையை எப்படி ஊன்றுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத பிள்ளை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. பிசியோ மனைவியைப் பார்த்தார். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"கழுத்துல ஒரு பக்கத் தசை இறுகியிருக்கு. பயிற்சி சொல்லித் தரேன். தலையோட உருவத்தைச் சரிபண்ண ஹெல்மெட் போடுவாங்க, அந்த அளவுக்கு இல்ல. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா ரொம்ப சுலபம். இப்பவும் நல்லா குறையும், ஆனா முழுசா போயிடும்னு என்னால சொல்ல முடியாது," என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பஸ்ஸில் மனைவி குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இறங்கும்போது, "நான் தினமும் கேட்டேனே," என்றாள்.

அன்றிலிருந்து கூடை மறுபக்கம் திரும்பியது. கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, தரையில் மகளுக்கு எதிரே அவனும் குப்புறப் படுத்து, இடப்பக்கமாகச் சீப்பை ஆட்டிக் காட்டுவான். பாதி சவரத்தில் இருப்பவர் நுரையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். கழுத்து சரியானது. தலையும் பெருமளவு தேறியது.

வீட்டில் ஒன்று மட்டும் தேறவில்லை. "பால் குடிச்சாளா?" என்று மனைவி கேட்பாள். "குடிச்சா" என்பான். அவள் போய்க் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். மருந்து கொடுத்தேன் என்றால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். சண்டை கிடையாது, குத்தல் பேச்சு கிடையாது. பார்ப்பாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். அவள் தினமும் கேட்டபோது ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொள்வான்.

மகளுக்கு முடி அடர்ந்து வளர்ந்து, பேச்சும் நன்றாக வந்த பிறகு, முதன்முதலாக அவளை நாற்காலியில் பலகை போட்டு உட்கார வைத்தான். மனைவி பின்னால் பெஞ்சில் இருந்தாள். வெட்டி முடித்ததும் எல்லோருக்கும் செய்கிற பழக்கத்தில் கைக்கண்ணாடியை எடுத்தவன், அவள் பின்மண்டைக்குக் கொண்டுபோகுமுன் நிறுத்திவிட்டான். வலப்பக்கம் வேண்டுமென்றேதான் முடியைக் கூடுதலாக விட்டிருந்தான்.

"எனக்கும் பின்னாடி காட்டுப்பா."

பின்னாடி ஒண்ணுமில்லடா கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்தது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் மனைவியின் கண்கள் அவன் மேலேயே இருந்தன. கைக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, முடியை விரலால் ஒதுக்கினான்.

"இங்க கொஞ்சம் தட்டையா இருக்கு பாரு. நீ பாப்பாவா இருந்தப்ப அப்பா உன்னைச் சரியா பாத்துக்கல. பாத்துக்கிட்டேன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

மகள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். "வலிக்கலையே," என்று அவனுக்குச் சமாதானம் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மனைவி எழுந்து வந்தாள். "கழுத்துல ஒட்டின முடியெல்லாம் தட்டியாச்சா?"

"தட்டிட்டேன்."

அவள் மகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கழுத்தைப் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் போனாள்.