இரண்டாவது உருண்டை

செத்தவீட்டின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், முப்பத்தொரு நாள் மரக்கறிக்குப் பிறகு, சாம்பல்தீவு வீட்டுக் குசினியில் மீன் கொதித்தது. யதுர்சன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிர்க் கதிரையில் இருந்த மச்சாள் சிவாஜினி திடீரென்று தொண்டையைப் பிடித்தாள். பாரைமீன் முள்.

மாமி நல்லம்மா பதறவில்லை. வெறுஞ்சோற்றை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி உருட்டினார். போன மாதம் முள் சிக்கியபோது மூத்த மகள், யதுர்சனின் மனைவி லோஜினிக்கும் இப்படித்தான் உருட்டிக் கொடுத்தார். கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டு லோஜினி சிரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சுநோ, ஆஸ்பத்திரி. ஆறாம் நாள் அவள் இல்லை.

டொக்டர் மருந்து எழுதும் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டியது யதுர்சனுக்கு மட்டுந்தான் தெரியும். முன்னே மூச்சுக்குழாய், இருதயம். பின்னே முள்ளந்தண்டு. நடுவே நெருக்குப்பட்டு இறங்கும் மெல்லிய உணவுக்குழாய். முள் சிக்கியபின் ஏதாவது விழுங்கினாவா என்று கேட்டார். சோறு என்றான். பேனை குழாயின் ஓரத்தில் நின்றது. சோறு தள்ளியதில் முள் சுவரைத் துளைத்திருக்கிறது. எச்சிலும் காற்றும் நெஞ்சறைக்குள் கசிந்து சீழ் பிடித்துவிட்டது. வீட்டில் அவன் கிருமி என்று மட்டும் சொன்னான். பெற்றவளிடம் வேறென்ன சொல்வது?

உருண்டை சிவாஜினியின் வாயருகே போய்விட்டது. அவன் மாமியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம் மாமி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

ஒரு முள்ளுக்கு ஆஸ்பத்திரியோ என்று மாமி கையை இழுத்தார். அவன் விடவில்லை. அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சோற்றைப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்கு லோஜினிக்கு நான்..."

"உங்கட உருண்டை இல்லை மாமி. நீங்கள் எழும்பிப் போனாப்பிறகு, முள்ளு இன்னும் கிடக்குதெண்டவள். நான்தான் இன்னொண்டு உருட்டிக் குடுத்தனான். அதுதான் முள்ளை உள்ளுக்குத் தள்ளினதெண்டு டொக்டர் சொன்னவர்."

அப்படியொரு உருண்டை இருக்கவேயில்லை.

மாமியின் விரல்கள் தளர்ந்து சோறு மேசையில் உதிர்ந்தது.

"நீர் குடுத்த உருண்டை பெரிசோ?"

"ஓம்."

அதற்குமேல் அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்தான். ஒன்றையும் விழுங்காதே, எச்சிலையும் துப்பிக்கொண்டு வா என்று சிவாஜினியிடம் சொன்னான். எப்போதும் அவன் தோளைப் பிடித்து ஏறுபவள், பின்கம்பியைப் பிடித்து ஏறினாள். டவுன் போய்ச் சேரும்வரை துப்பிக்கொண்டே வந்தாள்.