பத்தாம் தேதிக் கையெழுத்து

பதினெட்டு வருசமாக இலஞ்சிக்குத் தபால் கொடுக்கும் நாறும்பூநாதன் ஒரு கடுதாசியைத் தவறவிட்டதில்லை, மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வாங்கியதில்லை. இதை யாரும் கேட்காமலே சொல்லுவார். கேட்டால் இரண்டு தடவை சொல்லுவார்.

அப்பேர்ப்பட்ட மனுசனைச் சாரல் கவிழ்த்துவிட்டது. 1958 ஜூலை பத்தாம் தேதி, குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேட்டதும் தபால் பையோடு போய் அருவிக்குள் நின்றுவிட்டார். டாக்ஸிக்கார அருமைநாயகத்துக்கு வந்த ரிஜிஸ்தர் தபால் மறுநாள் மத்தியானம்தான் கைமாறியது.

"ஏ அருமை, ஒப்புகை அட்டையிலே கையெழுத்துப் போட்டு, நேத்தைத் தேதியைப் போட்டுரு."

"அதுக்கென்ன அண்ணாச்சி!"

உள்ளே இருந்த கோர்ட்டுச் சம்மனின் இங்கிலீஷை வாசித்துச் சொல்ல ஆள் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய குற்றமாம். ஒப்புக்கொண்டால் அபராதத்தைத் தபாலில் அனுப்பலாம். இல்லையென்றால் பதினொன்றாம் தேதி காலை தென்காசிக் கோர்ட்டுக்கு வரவேண்டும். அந்தக் காலைதான் போய்விட்டதே! வராதவனுக்கு அபராதம், அதோடு ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். சீசனில் ஓடாத டாக்ஸியை வைத்து அருமைநாயகம் எதைத் தின்பான்?

கூடுதலாக ஏறியது மடியிலிருந்த கைக்குழந்தை, அதை விசாரியுங்கள் என்று அவன் மனுப்போட்டான். மாஜிஸ்திரேட் ஒப்புகை அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பத்தாம் தேதியே வாங்கியிருக்கிறாய். ஏன் வரவில்லை?"

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டான். "இங்கிலீஷ் தெரியாது எசமான்."

தபால் கொடுத்தவர் என்று சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்ட நாறும்பூநாதன் அவனைப் பார்த்தார். பாவி மகன், நம்மைக் காட்டிக்கொடுக்காமல் பிழைப்பை விடுகிறானே!

"இது இவர் கையெழுத்துத்தானா?"

"கையெழுத்து அவருதுதான் எசமான். தேதி நான் சொன்னது." குரல் கணீரென்று வந்தது. "பத்தாம் தேதி நான் அருவியிலே நின்னேன். தபாலைப் பதினொண்ணு மத்தியானம்தான் குடுத்தேன்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அருமைநாயகத்தின் லைசென்ஸைத் திருப்பித் தரவும், வழக்கை முதலிலிருந்து விசாரிக்கவும் உத்தரவு எழுதினார்.

பத்து நாள் கழித்து, நாறும்பூநாதனின் பையில் அவர் பேருக்கே ஒரு ரிஜிஸ்தர் தபால் இருந்தது. மெமோதான். தன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, தானே கொடுத்து, தானே வாங்கி, அட்டையில் அன்றைய தேதியைப் பெரிதாகப் போட்டார்.

இப்போதும் யாரும் கேட்காமலே சொல்லுவார்: "பதினெட்டு வருசத்துலே ஒரே ஒரு மெமோ. அதையும் அன்னைக்கே டெலிவரி பண்ணிட்டேன்லே!"